தம்பியின் முப்பத்தொன்றுக்கு ஒரு சோளப் புடிங்

புதன், பிற்பகல் 2.40

ரொறன்ரோவில் இறங்கியபோது வெளியே மைனஸ் பதினான்கு பாகை என்றார்கள். மன்னாரிலிருந்து கட்டுநாயக்காவுக்கு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். அங்கிருந்து இரண்டு விமானங்களில் இருபத்திரண்டு மணித்தியாலம். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

குடிவரவு மேசையில் இருந்த பெண் எதற்கு வந்தாய் என்று கேட்டாள். தம்பியின் செத்தவீட்டுக்கு என்றேன். எப்போது இறந்தார் என்று கேட்டாள். இருபத்தெட்டு நாளைக்கு முன் என்றேன். கணினியை விட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவன் செத்த அன்றே விசாவுக்குப் போட்டேன், அது கைக்கு வந்தது இருபத்தோராம் நாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லி என்ன? செத்தவனை அவ்வளவு நாளும் வைத்திருக்கவா முடியும்? சீல் குத்தி அனுப்பினாள்.

வரவேற்க ஒருவரும் வரவில்லை. தம்பி பெண்சாதி ரீற்றாவுக்கு வேலை, மகள் ஷரோனுக்கும் வேலை. வாடகைக் கார் பிடித்தேன். தம்பி வீடு இருக்கும் ஸ்ரௌவ்விலுக்கு நாற்பத்தெட்டு கிலோமீற்றர், நூற்றுநான்கு டொலர். சாரதி கரவெட்டிக்காரன். பெட்டியைத் தூக்கும்போதே வந்த விசயத்தை என் வாயிலிருந்து எடுத்துவிட்டான்.

"முப்பத்தொண்டாம் நாள் பூசை எப்ப அண்ணை?"

"சனிக்கிழமை."

"சரியாச் சனியிலை விழுதோ, இல்லாட்டி தள்ளி வைச்சதோ? இஞ்சை செத்த ஆளும் வீக்கெண்டுக்குக் காத்திருக்கவேணும்."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.  நெடுஞ்சாலையின் இரு பக்கமும் பனி. ஊரில் படத்தில் பார்க்கும் வெள்ளைப் பனி அல்ல. உப்பும் சேறும் வாகனப் புகையும் சேர்ந்த சாம்பல் நிறக் குப்பை. ஸ்ரௌவ்விலில் ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நின்றன. இலக்கம் பார்க்காமல் இறங்கினால் எவன் வீட்டுக்குள்ளும் போய்விடலாம்.

புதன், மாலை 6.00

தம்பியின் பெயர் யேசுதாசன். ஐம்பத்திரண்டு வயது. வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றவன் அப்படியே விழுந்தான். அவன் பனி தள்ளிய அந்தச் சவல் கார் கொட்டகைச் சுவரில் சாத்திக் கிடந்தது. அதை எடுத்து உள்ளே வைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கூடத்தில் அவனது படம். மாலை, மெழுகுதிரி, வேளாங்கண்ணி மாதா. படத்தில் இருந்தவன் வழுக்கை விழுந்த, கண்ணாடி போட்ட ஓர் ஆள். நான் கடைசியாக நேரில் பார்த்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது.

வாசிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா செத்து இருபத்தாறு வருடம். அப்போது தம்பி இங்கே அகதி விண்ணப்பம் முடியாமல் இருந்தான். நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப வர முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும், மன்னார் ரவுணில், காசுக்கு வெளிநாட்டுப் போன் எடுத்துத் தருகிற ஒரு கொமினிக்கேசன் கடையில் நின்று பதினொரு நிமிடம் அவனைக் கிழித்தேன். நீ பிள்ளையா என்றேன். பெற்றவளுக்கு ஒரு பிடி மண் போட வராத நாய் என்றேன். அவன் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ இங்கிலீசில் ஏதோ முணுமுணுத்தது மட்டும் கேட்டது. அம்மா பிரேதமாகக் கிடக்கிறா, உனக்கு அங்கே இங்கிலீசில் கதையோ என்று சொல்லிப் போனை அடித்து வைத்தேன். அதன்பிறகு நாங்கள் நான்கு தரம் பேசியிருப்போம். நான்கும் ஊர்க் காணியின் உறுதிப் பத்திரம் பற்றி.

இப்போது அவனுக்கு ஒரு பிடி மண் போட நான் வரவில்லை. காகிதம் கிடைக்காததுதான் காரணம். நியாயம் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து, செத்தவருக்கு விருப்பமான சாப்பாட்டை வாழையிலையில் போட்டுப் படத்துக்கு முன் வைப்பது எங்கள் வழக்கம். பூசை வைக்கிற சுவாமிமார் அதை விரும்புவதில்லை. நாங்கள் விடுவதுமில்லை. ரீற்றா கடைக்குச் சொல்லியிருந்த பட்டியலை வாசித்தாள். சோறு, ஆட்டிறைச்சி, கணவாய்க் கறி, றோல்ஸ்.

கணவாயா, அவனுக்குச் சின்னதிலிருந்தே கணவாய் ஒத்துக்கொள்ளாது, சத்தி எடுப்பான் என்றேன்.

"அது உங்கட தம்பி, அண்ணை. நான் சொல்லுறது என்ரை மனுசன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால், முப்பது வருடம் அவன் என்ன தின்றான் என்று எனக்கு என்ன தெரியும்? அப்போது ஷரோன் படியில் இருந்து சொன்னாள். "ஆக்சுவலி பெரியப்பா, அப்பாக்கு எல்லாத்தையும்விட விருப்பம் அந்த புடிங்தான். மார்கரெட் செய்யிறது."

ரீற்றாவின் முகம் மாறியது. "உது எங்கட வீட்டுச் சாப்பாடு இல்லை."

பிறகு அவளே எரிச்சலோடு கதையைச் சொன்னாள். மார்கரெட் என்பவள் ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் தம்பி முதலில் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் வீட்டின் சொந்தக்காரி. கலியாணம் கட்டிய பிறகும் ஒவ்வொரு வருடமும் அம்மா செத்த நாளன்று தம்பி அவள் வீட்டுக்குத் தனியாகப் போவான். ரீற்றா மாமியாரின் நினைவுக்குச் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அவன் அங்கே வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து, பசியில்லை என்று படுத்துவிடுவான். ஏன் என்று கேட்டால் பேச்சில்லை. இருபத்துநான்கு வருடம் இப்படி.

அந்தப் புடிங்கை நான் செய்து இலையில் வைக்கிறேன் என்றேன். முப்பத்திரண்டு வருடம் பேக்கரியில், விறகுப் போறணையில் பாண் சுட்டவன் நான். ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் புடிங் என்ன பெரிய காரியம்? அவனுக்காக நான் செய்யக்கூடியது என்று வேறு ஒன்றும் மிஞ்சியிருக்கவும் இல்லை. ரீற்றா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வியாழன், காலை 7.20

ஷரோன் வேலைக்குப் போகும் வழியில் என்னைப் புகையிரத நிலையத்தில் இறக்கினாள். நடந்தால் மூன்று கிலோமீற்றர். நடைபாதை பாதியில் முடிந்து பனிக்குள் போய்விடுகிறது. கார் இல்லாதவன் இங்கே மனிதக் கணக்கில் இல்லை.

கென்னடி நிலையம் வரை புகையிரதம். பிறகு இரண்டு பஸ். பஸ்ஸில் காசாகக் கொடுத்தால் மூன்று டொலர் முப்பத்தைந்து சதம். நான் ஐந்து டொலர்த் தாளைப் பெட்டிக்குள் போட்டேன். மிச்சம் தரமாட்டார்களாம். சாரதியோடு சண்டைக்குப் போனேன். அவன் அறிவித்தலை விரலால் காட்டிவிட்டு வண்டியை எடுத்தான். பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ் மனுசி, "எல்லாரும் ஒருக்கா அப்பிடிக் குடுக்கிறதுதான் அங்கிள்" என்றா. அது ஆறுதலா நக்கலா தெரியவில்லை.

லோரன்ஸ் வீதியில் அரபு எழுத்தில் ஒரு பேக்கரி, அடுத்தது தமிழ்ப் பலசரக்குக் கடை, அடுத்தது பல் வைத்தியர். ஒரு தெரு உள்ளே திரும்பினால் பழைய செங்கல் வீடுகள். கூரை பதிந்து, ஒவ்வொன்றும் தனியாக நின்றன. மார்கரெட்டுக்கு எண்பத்தேழு வயது. கைத்தடியோடு வந்து கதவைத் திறந்தாள். நான் தாசனின் அண்ணன் என்றேன். என்னை மேலிருந்து கீழ் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்று என்றாள்.

அவள் கிழக்குக் கடலோர மாகாணத்துக்காரி. இது அவளுடைய தாய் குளிர்காலத்தில் செய்தது. பெயர் இந்தியன் புடிங். இந்தியாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெள்ளைக்காரன் இந்த மண்ணின் பூர்வீகச் சனத்தை இந்தியன் என்றான். அவர்கள் தின்ற சோளத்துக்கும் அதே பெயரை வைத்தான். சனத்தைத் துரத்திவிட்டுப் பெயரைப் பலகாரத்தில் வைத்திருக்கிறான்.

அவள் கதிரையில் இருந்துகொண்டு என்னைச் செய்ய வைத்தாள். ஒரு லீற்றர் பாலைக் கொதிக்க விடாமல் சூடாக்க வேண்டும். ரவைபோல் உடைத்த மஞ்சள் சோள மாவை ஒரு கையால் மழைபோல் தூவி, மறு கையால் கிளற வேண்டும். நான் இடியப்ப மாவுக்குத் தண்ணீர் விடுகிற பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டப்போனேன். கைத்தடியால் மேசையில் தட்டினாள். பதினைந்து நிமிடத்தில் அது கூழாக இறுகியது. அதற்குள் கரும்பாணி. கரும்பிலிருந்து சீனி எடுத்த பிறகு மிஞ்சுகிற கறுத்த கசடு அது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு வைப்பார்கள், சாராயம் வடிப்பார்கள். பிறகு வெண்ணெய், உப்பு, இஞ்சித்தூள், கறுவாத்தூள், கொஞ்சம் சாதிக்காய். விளிம்பு உடைந்த ஒரு பழுப்பு மண்சட்டியில் ஊற்றி, தணிந்த சூட்டில் மூன்று மணித்தியாலம் விட வேண்டும்.

மூன்று மணித்தியாலம் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. சூட்டைக் கூட்டினால் ஒரு மணித்தியாலத்தில் முடியும் என்றேன். இது பாண் இல்லை என்றாள். ஒரு மணித்தியாலம் கழித்துச் சட்டியை வெளியே இழுத்து, மேலே ஒரு கோப்பை குளிர்ந்த பாலை ஊற்றச் சொன்னாள். கிளறக்கூடாது. அப்படியே திரும்ப உள்ளே தள்ள வேண்டும்.

காத்திருந்த நேரத்தில்தான் அவள் சொன்னாள். அந்தக் காலத்தில் தம்பிக்குத் தனியாகப் போன் இல்லை. அழைப்புகள் இந்தக் குசினிக்குத்தான் வரும். ஒரு நாள் ஒரு அழைப்பு வந்தது. மறுபக்கத்தில் ஒரு ஆள் கத்திக்கொண்டே இருந்தான். கதிரையில் இருந்த தாசன் அந்த ஆளுக்கு ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகும் எழும்பவில்லை. அன்றைக்கு அடுப்பில் இந்தப் புடிங் இருந்தது. அவள் சட்டியோடு அவன் முன்னால் வைத்தாள். ஆறு பேருக்கான புடிங். முழுவதையும் சாப்பிட்டு முடித்தான். தாய் செத்துவிட்டாள் என்று அதன்பிறகுதான் சொன்னான். மறுவருடம் அதே நாளில் வந்து, செய்து தருவாயா என்று கேட்டான்.

"அன்றைக்குக் கத்தியது யார் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். பொய்.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. புடிங் வெந்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. சேற்றுக்குள் பால் திரைந்த மாதிரி. முதல் வாய் கசாயம். இரண்டாவது வாயில் இஞ்சி தெரிந்தது. மூன்றாவது வாய் எடுக்காமல் கரண்டியை வைத்தேன். அந்த மண்சட்டியைக் கழுவித் தந்து, சனிக்கிழமைக்குக் கொண்டு போ, ஆனால் திருப்பிக் கொண்டு வா என்றாள். பூசைக்கு அழைத்தேன். பனியில் விழுந்து எலும்பு முறிக்க விருப்பமில்லை என்றாள்.

வெள்ளி, மாலை 5.30

ஸ்ரௌவ்வில் கடையில் சாமான் வாங்கினேன். சோள மா ஒரு கிலோ நான்கு டொலர் இருபத்தொன்பது சதம். கரும்பாணி ஒரு பெட்டி ஆறு டொலர் நாற்பத்தொன்பது. இஞ்சித்தூள் ஒரு சின்னப் போத்தல் ஐந்தரை டொலர். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு பாத்தி இஞ்சியே கிண்டி எடுக்கலாம்.

எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். ரீற்றா மாப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள் என்று மட்டும் கேட்டாள். ஆறு மணிக்கு என்றேன். மார்கரெட் சொன்ன கதையை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கத்தியது யார் என்று அடுத்து வரும்.

சனி, காலை 6.00

குசினிக்குள் வறுத்த மாவின் மணம் நின்றது. பிட்டுக்கு வறுத்திருப்பாள் என்று நினைத்தேன். சோள மா ஒரு தகர டப்பாவுக்குள் கொட்டி மூடி வைத்திருந்தது. நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தேன். தூவினேன், கிளறினேன். பதினைந்து நிமிடத்தில் இறுகவில்லை. இருபத்தைந்து நிமிடத்திலும் கஞ்சிதான். இந்தப் பால் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சட்டியை அடுப்புக்குள் தள்ளினேன். ஒரு மணித்தியாலத்தில் குளிர்ந்த பாலையும் ஊற்றினேன்.

பத்தேகாலுக்குச் சட்டியை இழுத்தேன். குளம்போல் ஆடியது. பூசை பதினொன்றுக்கு. வாசலில் ஷரோன் காரைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

ரீற்றா கறுப்புச் சேலையோடு உள்ளே வந்தாள். மாவை என்ன செய்தாய் என்றேன்.

"வறுத்தனான். நாலரைக்கு எழும்பி இளஞ்சூட்டிலை வறுத்து, ரெண்டுதரம் அரிச்சு வைச்சனான். பச்சை மாவிலை ஆரும் சமைப்பினமோ? வயித்துக்கு ஆகாது."

எங்கள் வீடுகளில் மா என்றால் வறுத்த மாதான். அவளுக்குத் தெரிந்தது அதுதான். நன்றாக வறுத்த மா பாலைப் பிடித்து இறுகாது. இது பாண்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மணமே சொன்னது. ஆனால் அந்த நேரம் நான் அதையெல்லாம் நினைக்கவில்லை. கத்தினேன். வேண்டுமென்று செய்தாய் என்றேன். இருபத்துநான்கு வருட எரிச்சலை இந்தச் சட்டிக்குள் தீர்த்தாய் என்றேன். அவனுக்கு நான் செய்ய இருந்தது இது ஒன்று, அதையும் நாசமாக்கினாய் என்றேன்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். பதினொரு நிமிடம் காதுக்குள் கேட்டது அதுதான். அப்போது எனக்கு ஆள் தெரியவில்லை, போன் கம்பிதான் தெரிந்தது. இங்கே ஆள் முன்னால் நின்றாள். நாலரை மணிக்கு எழும்பியவளின் கண் சிவந்திருந்தது.

நான் கதிரையில் இருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொமினிக்கேசன் கடை, நாய் என்ற சொல், மார்கரெட்டின் குசினி, ஆறு பேருக்கான புடிங். மார்கரெட்டிடம் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

ரீற்றா சட்டிக்கு மேலே குனிந்து மோந்து பார்த்தாள். "இண்டைக்குக் காலமை அடுப்பிலை இருந்து வந்த இந்த மணம், வருசத்திலை ஒருநாள் அவற்றை ஜக்கெற்றிலை இருக்கும்" என்றாள். "நான் அதைக் கழுவப் போட்டிடுவன்."

பிறகு அலுமாரியைத் திறந்தாள். "கோப்பையை எடுங்கோ அண்ணை. இலையிலை நிக்காது."

சனி, பிற்பகல் 1.15

படத்துக்கு முன்னால் சோறு, இறைச்சி, கணவாய் எல்லாம் இலையில் இருந்தன. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோப்பையில் பழுப்புத் தண்ணீர். வந்த நாற்பது பேரில் ஒருவர் "உது என்ன, சத்துமாக் கஞ்சியோ?" என்று கேட்டார். ரீற்றா "ஓம்" என்றாள். ஒருவரும் தொடவில்லை. எல்லாரும் போன பிறகு ஷரோன் இரண்டு கோப்பை குடித்தாள். ரீற்றா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, கரண்டியை வெளியே எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

ஞாயிறு, பிற்பகல் 3.00

சட்டியைத் திருப்பிக் கொடுக்க ரீற்றாதான் காரை ஓட்டினாள். முப்பத்தைந்து கிலோமீற்றர், ஐம்பது நிமிடம்.  அந்த வீட்டு வாசலை அவள் மிதிப்பது இதுதான் முதல் தடவை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், தம்பி இருந்த கதிரை எது என்று கேட்டாள். மார்கரெட் காட்டினாள். ரீற்றா அதில் இருக்கவில்லை. அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

புடிங் எப்படி என்று மார்கரெட் கேட்டாள். தண்ணீராகப் போயிற்று என்றேன். பிறகு, அன்றைக்குக் கத்தியவன் நான்தான் என்றேன்.

தெரியும் என்றாள். அவனுக்கு ஒரே ஒரு அண்ணன்தானே. நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன் என்றாள்.

அன்றைக்கு அவள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாளாம். சத்தம் அவ்வளவு தூரத்துக்கும் கேட்டதாம். யார் அந்த ஆள், ஏன் இப்படிக் கத்துகிறான் என்று அவள் கேட்டாளாம். தாசன் போனைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொன்னானாம். அந்தப் பதிலை அவள் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னாள். எனக்கு விளங்கியிருந்தது. ஆனாலும் ரீற்றா என்னைப் பார்த்து அதைத் தமிழில் திரும்பச் சொன்னாள்.

"'என்ரை அண்ணை, அழுறார்' எண்டு சொன்னவராம்."

புதன், மன்னார்

திங்கள் இரவு விமானம். ஷரோன் கொண்டுபோய் விட்டாள். கனடாவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ஐந்து நாளில் ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை. சவல் இன்னும் கார் கொட்டகைச் சுவரில்தான் சாத்திக் கிடக்கிறது. இங்கே வெயில் முப்பத்திரண்டு பாகை. போறணை அதே இடத்தில், பாண் அதே விலையில்.

பஸ் நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது அந்தக் கொமினிக்கேசன் கடை இருந்த இடத்தைக் கடந்தேன். இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். நான் போன் பேசிய கண்ணாடிக் கூண்டு இருந்த மூலையில் ஒரு குளிர்பானப் பெட்டி. முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன்.

அந்தப் பதினொரு நிமிடத்தில் தம்பி வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான். அதற்குத்தான் நான் போனை அடித்து வைத்தேன்.